சிறைப்புறத்தார் கேட்கும் அவை: இந்திய நாடாளுமன்ற ஆட்சிமொழி விவாதங்களில் (1959–1967) பேசுவோர் – கேட்போர் உறவு

முன்னுரை

நாடாளுமன்றப் பேச்சு குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பேச்சாளரின் சொல்வன்மையைப் போற்றும் போக்கிலேயே அமைந்துள்ளது. அடுக்குமொழி, எதுகை, உவமை, நகைச்சுவை ஆகியன எடுத்துக்காட்டப்பெற்று, அவற்றால் அவை வயப்பட்டது என முடிவு கூறப்பெறும். அப்பேச்சைக் கேட்டவர் யாவர், அவருள் எவரை நோக்கி அது சொல்லப்பட்டது, பேச்சு முடிந்தபின் பேசியவருக்கும் கேட்டவருக்கும் இடையே எத்தகைய கடப்பாடு எஞ்சியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. சொல்வன்மையைப் பேசுவோனின் தனிச்சொத்தாகக் கருதும் இப்பார்வை அரசியல் மொழியைப் புரிந்துகொள்ளப் போதுமானதன்று என்பதே நமது கருத்து.

இக்கருத்தை நிறுவ, இந்திய நாடாளுமன்றத்தில் 1959 முதல் 1967 வரை ஆட்சிமொழி குறித்து நிகழ்ந்த விவாதங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மொழியைப் பற்றிய விவாதம் என்பதால் மட்டும் நாம் இதனைத் தெரிவு செய்யவில்லை. ஒரு தலைவரின் வாய்மொழி, ஒரு சட்டத்தின் துணைவினை, ஒரு மக்கள் தொகுதியின் நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு பாதித்தன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் சிலவே உள.

கேட்போர் என்னும் உறுப்பு

பேச்சுச் செயல் பற்றிய மேலை ஆய்வுகளில் ஜே. எல். ஆஸ்டின் முதன்மையானவர். வாக்களித்தல், பெயரிடுதல், மன்னிப்புக் கோருதல் போன்ற கூற்றுகள் ஒரு செய்தியைத் தெரிவிப்பதோடு நில்லாமல் ஒரு செயலையும் நிகழ்த்துகின்றன என்று அவர் விளக்கினார். அக்கருத்துகள் அவர் மறைவுக்குப்பின் 1962இல் நூலாக வெளிவந்தன. எனினும், கேட்போரை உள்ளடக்கிய ஒரு சட்டகத்திற்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் தொகுத்துரைக்கும் 34 உறுப்புகளுள் கூற்றுவகை, கேட்போர், களன், காலவகை, பயன், எச்சவகை, முன்னம் ஆகியன இடம்பெறுகின்றன. கூறுவோரைப் போன்றே கேட்போரும் செய்யுளின் உறுப்பு என்பது இதனாற் பெறப்படும். இன்ன இடத்தில் இன்னார்க்கு இன்னார் கூறத்தக்க மொழி இது என உணரவைப்பது முன்னம். கூற்றில் சொல்லாது விடப்பட்டுக் கேட்போரால் நிரப்பப்படுவது எச்சம்.

அக இலக்கிய மரபு இதற்கு மேலும் ஒரு கருவியைத் தருகிறது. தலைவன் வேலிப்புறத்தே வந்து நிற்கிறான். தோழி அவனை அறிந்தும் அறியாதாள் போலத் தலைவியிடம் பேசுகிறாள். சொல் தலைவிக்கு, பொருள் தலைவனுக்கு. உரையாசிரியர்கள் இதனைச் சிறைப்புறமாகக் கூறுதல் என்பர். நாடாளுமன்றப் பேச்சு ஏறத்தாழ இதே அமைப்புடையது. உறுப்பினர் அவைத்தலைவரை விளித்தே பேச வேண்டும் என்பது விதி. எதிரில் அமர்ந்துள்ள அமைச்சரைக் கண்டிக்கும்போதும் விளி அவைத்தலைவருக்கே உரியது. ஆயினும் அப்பேச்சு அமைச்சருக்கும், அவைக்கு வெளியே செய்தித்தாளைக் கையில் வைத்திருக்கும் வாக்காளருக்கும் உரியது. ஆகவே, நாடாளுமன்றத்தில் ஒரே கூற்றுக்கு மூவகைக் கேட்போர் அமைகின்றனர்: விளிக்கப்பெறுவோர், எதிர்நிற்போர், சிறைப்புறத்தார். இம்மூவருள் எவரோடு உறவை உறுதி செய்வது, எவரோடு முறிப்பது என்பதே அரசியல்வாதியின் சொற்றெரிவைத் தீர்மானிக்கிறது.

அவையின் மொழி

1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு, தேவநாகரி எழுத்திலமைந்த இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக அறிவித்தது. ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரலாம் என்றது. எனவே 1965 சனவரி 26 என்னும் நாள் தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டுவிட்டது. 120ஆம் பிரிவு நாடாளுமன்ற நடவடிக்கைகளின் மொழியைப் பற்றியது. அவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும். இவ்விரண்டிலும் போதிய அளவு தம் கருத்தை வெளியிட இயலாத உறுப்பினருக்குத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் இசைவளிக்கலாம்.

இவ்விதியின் முன்னத்தை நோக்குதல் வேண்டும். தாய்மொழி இங்கே உரிமையாக அன்றி, இயலாமைக்கு அளிக்கப்படும் சலுகையாக இடம்பெறுகிறது. ஆங்கிலம் அறிந்த தமிழ் உறுப்பினர் ஆங்கிலத்தில் பேசுவதே விதியின் இயல்பான விளைவு. அதன் பயனாக, அவையில் அவர் பேசிய சொல்லும் அவரைத் தேர்ந்தனுப்பிய மக்கள் கேட்ட சொல்லும் வேறுவேறாயின. இடையே மொழிபெயர்ப்பு என்னும் வேலி எழுந்தது. பின்னாளில் அவையில் உடனடி மொழிபெயர்ப்பு வசதிகள் விரிவடைந்தன. ஆனால் நாம் ஆராயும் காலத்தில் சிறைப்புறத்தாருக்கும் அவைக்கும் இடையே இருந்த தொலைவு மிகப் பெரிது.

தன்மை ஒருமையில் ஒரு வாக்குறுதி

ஆங்கிலத்தை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்க வேண்டும் எனப் பிராங்க் அந்தோணி மக்களவையில் கொண்டுவந்த தீர்மானத்தின் மீது, 1959 ஆகஸ்டு 7ஆம் நாள் தலைமையமைச்சர் சவகர்லால் நேரு பேசினார். அப்பேச்சில் அவர் இரண்டு உறுதிமொழிகளை அளித்தார். இந்தி திணிக்கப்படாது என்பது ஒன்று. மக்களுக்குத் தேவைப்படும் காலம்வரை ஆங்கிலம் மாற்று மொழியாகத் தொடரும். அதனை எப்போது நிறுத்துவது என்னும் முடிவு இந்தி பேசுவோரிடம் அன்றி இந்தி பேசாதாரிடமே விடப்படும் என்பது மற்றொன்று.

இக்கூற்றின் ஆற்றல் அது கேட்போரை இடம் மாற்றியதில் உள்ளது. அதுவரை இந்தி பேசாத மக்கள் முடிவுகளை ஏற்கும் நிலையில் இருந்தனர். நேருவின் கூற்று அவர்களை முடிவெடுப்போராக்கியது. கேட்டிருந்தவர் கையில் செங்கோலைக் கொடுப்பது போன்ற செயல் இது. தமிழகத்தில் இவ்வுறுதிமொழி பல்லாண்டுகள் மேற்கோளாக வழங்கியமைக்குக் காரணம் இதுவே.

ஆனால் அக்கூற்றின் எழுவாயை நாம் கவனித்தல் வேண்டும். நேரு தன்மை ஒருமையில் பேசினார். தாம் அவ்வாறு விரும்புவதாகவும் தாம் அம்முடிவை அவர்களிடம் விடுவதாகவும் கூறினார். அவை ஒரு தீர்மானமாக அதனை நிறைவேற்றவில்லை. அமைச்சரவையின் பெயராலும் அது கூறப்படவில்லை. தன்மை ஒருமைக்கு ஒரு நெருக்கம் உண்டு. பேசுவோன் தன்னையே பிணையாக வைப்பதால் கேட்போன் மனம் நெகிழ்கிறது. அதே தன்மை ஒருமைக்கு ஒரு குறையும் உண்டு. பிணை வைத்தவன் நீங்கினால் பிணையும் நீங்கிவிடும். வாக்கின் வலிமையும் வாக்கின் வலுவின்மையும் ஒரே இலக்கணக் கூற்றில் பிறந்தன எனலாம்.

நாமும் நாங்களும்

1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோல்வியுற்ற அறிஞர் அண்ணா, சென்னைச் சட்டமன்ற உறுப்பினர்களால் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே 1ஆம் நாள் அவர் ஆற்றிய கன்னிப்பேச்சு, திராவிட நாட்டுக் கோரிக்கையை இந்திய நாடாளுமன்றத்திலேயே எடுத்துரைத்தது. தாம் திராவிட இனத்தைச் சார்ந்தவர் எனக் கூறுவதில் பெருமை கொள்வதாகவும், அதனால் வங்காளியர்க்கோ மராத்தியர்க்கோ குசராத்தியர்க்கோ தாம் எதிரானவர் அல்லர் என்றும் அவர் விளக்கினார். மாந்தர் சமன்மையைச் சொல்ல இராபர்ட்டு பர்ன்சு என்னும் கவிஞரைத் துணைக்கழைத்தார்.

இங்கே பர்ன்சு ஏன் வந்தார் என்று நாம் வினவுதல் வேண்டும். தமிழக மேடையில் இதே கருத்துக்கு அவர் சங்க இலக்கியத்தையோ குறளையோ எடுத்தாண்டிருப்பார். ஆங்கிலக் கல்வி பெற்ற அவையினர்க்கும் தமக்கும் பொதுவான ஒரு நூலகம் உண்டு என்பதை உணர்த்தவே அவர் அக்கவிஞரைத் தெரிந்தெடுத்தார். பிரிவினை கேட்கும் பேச்சு, கேட்போரோடு பகிர்ந்துகொண்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறது. வெறுப்பை எதிர்பார்த்திருந்த அவையில் இத்தொடக்கம் கேட்கும் பொறுமையையேனும் உண்டாக்கிற்று. வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களைத் தனித்தனியே அடுத்தடுத்து வைத்ததன் நுட்பம் இங்கு விளங்கும். அஞ்சாமை மட்டும் இருந்திருப்பின் அப்பேச்சு முழக்கமாகியிருக்கும்; அறிதல் மட்டும் இருந்திருப்பின் இணக்கவுரையாகியிருக்கும்.

தன்மைப் பன்மை இவ்விவாதத்தில் தனிக்கவனத்திற்குரியது. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைச் சொல், கேட்போரை உளப்படுத்துமா விலக்குமா என்பதை உருபால் காட்டாது. தமிழில் நாம் என்பது உளப்பாட்டுப் பன்மை. நாங்கள் என்பது கேட்போரை நீக்கிய பன்மை. நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தில் பேசிய தலைவர் இவ்விரண்டையும் தெளிவுறாது வைத்துக்கொள்ள முடிந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் அச்சொல்லை நாடு முழுமைக்கும் உரியதாகப் பயன்படுத்துவர். தென்னக உறுப்பினர் செவியில் அது இந்தி பேசும் பெரும்பான்மையைச் சுட்டுவதாக ஒலிக்கும். அதனைத் தமிழாக்குவோர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். அத்தெரிவு வெறும் மொழிபெயர்ப்புத் தெரிவு ஆகாது. சிறைப்புறத்தார் அந்த அவைக்குள் அடங்குவரா அடங்காரா என்பதைத் தீர்க்கும் அரசியல் தெரிவு அது.

அண்ணாவின் விளிகளும் இதே வேறுபாட்டை உணர்த்துகின்றன. தில்லியில் அவர் ஓர் உறுப்பினர். அவைத்தலைவரை முறைப்படி விளிப்பவர். தமிழகத்தில் தம் இதழ்கள் வழியே அவர் எழுதிய கடிதங்களில் கேட்போர் ‘தம்பி’ ஆகின்றனர். அவையில் நிகரானவரோடு வாதிடும் மொழி. இதழில் உடன்பிறந்தாரோடு உரையாடும் மொழி. இரண்டையும் ஒருவரே இயக்கியதால், தில்லிப் பேச்சு தம்பிகளின் சார்பில் அண்ணன் பேசிய பேச்சாகத் தமிழகத்தில் பொருள்கொள்ளப்பட்டது. அவையில் அவர் தரப்பு சிறுபான்மை. வேலிக்கு அப்பாலோ அது பெருகிவரும் கூட்டம்.

‘மே’யும் ‘ஷல்’லும்

1963 ஏப்பிரலில் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாத்திரி ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தார். 15 ஆண்டுகள் முடிந்த பின்னரும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்பது அதன் மூன்றாம் பிரிவின் சாரம். ஆங்கில மூலத்தில் இருந்த துணைவினை ‘மே’ என்பது. அதனை ‘ஷல்’ என மாற்ற வேண்டும் என இந்தி பேசாத பகுதி உறுப்பினர் பலர் வற்புறுத்தினர். இச்சூழலில் இரண்டு சொற்களுக்கும் பொருள் வேறுபாடில்லை என நேரு உள்ளிட்ட அரசுத் தரப்பினர் விளக்கமளித்தனர். வேறுபாடில்லையாயின் கேட்ட சொல்லையே எழுதுவதில் தடை என்ன என்பது எதிர்த்தரப்பின் வினா. மாநிலங்களவையில் அண்ணாவும் மசோதாவை எதிர்த்துப் பேசினார். இறுதியில் ‘மே’ என்னும் சொல்லுடனேயே அது சட்டமாயிற்று.

சட்டவியலார் சிலவிடங்களில் ‘மே’ என்பதைக் கட்டாயப் பொருளில் கொள்வதுண்டு. அவ்வகையில் அரசுத் தரப்பு விளக்கம் முற்றிலும் அடிப்படையற்றது அன்று. ஆயினும் அவ்விளக்கம் அவையினுள் இருந்த வழக்கறிஞர்களுக்கே உரியது. தமிழில் அச்சொல் ‘பயன்படுத்தப்படலாம்’ என்றே வரும். ‘லாம்’ ஈறு இசைவையும் இயன்மையையும் உணர்த்துமேயன்றிக் கட்டாயத்தை உணர்த்தாது. ‘வரலாம்’ என்றால் வராமலும் போகலாம் என்பது எச்சமாக நிற்கிறது. ஆகவே சென்னையிலும் மதுரையிலும் இருந்த கேட்போர் பெற்ற கூற்று தில்லியில் விளக்கப்பட்ட கூற்று அன்று. அவர்களை உணர்ச்சிவயப்பட்டோர் எனக் குறைகூறுதல் பொருந்தாது. தம் மொழியின் இலக்கணப்படி அவர்கள் சரியாகவே கேட்டனர்.

இதனினும் நுட்பமான மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 1959இன் கூற்றில் எழுவாய் ‘நான்’. 1963இன் சட்டத் தொடர் செயப்பாட்டு வினையில் அமைந்தது. ஆங்கிலம் பயன்படுத்தப்படலாம் என்னுமிடத்தில் முடிவெடுப்போர் யார் என்பதே இல்லை. இந்தி பேசாதாரிடம் முடிவு விடப்படும் என்ற உறுதிமொழியின் உயிர்ப்பகுதி சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆளுக்குச் சட்டமில்லாத நிலை, சட்டத்திற்கு ஆளில்லாத நிலையாக மாறியது. எதிர்ப்பின் வேர் துணைவினையில் மட்டும் இல்லை. விடுபட்ட எழுவாயிலும் உள்ளது என்பதே நமது வாசிப்பு.

எண்ணிக்கை வாதத்தையும் இங்குக் கருதுதல் தகும். பெரும்பான்மையோர் பேசுவதால் இந்தி ஆட்சிமொழியாகலாம் என்றோர்க்கு விடையாக, எண்ணிக்கையே அளவாயின் மயிலுக்கு மாறாகக் காகமன்றோ தேசியப் பறவையாக வேண்டும் என்னும் உவமை அண்ணாவின் பெயரால் வழங்குகிறது. மயில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டதும் அதே 1963ஆம் ஆண்டில்தான். எதிர்நிற்போரை இவ்வுவமை வென்றதாகச் சொல்ல இயலாது. வாக்கெடுப்பு காகங்களின் எண்ணிக்கைப்படியே முடிந்தது. ஆனால் சட்டத்தின் பிரிவு எண்ணை அறியாதவரும் இவ்வுவமையை அறிவர். அவையில் தோற்ற வாதம் சிறைப்புறத்தில் நிலைபெறுவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வாக்கின் கடன்

1964 மே 27இல் நேரு மறைந்தார். தன்மை ஒருமையில் அளிக்கப்பட்ட உறுதிமொழி எழுவாயை இழந்தது. அதற்கு முன்னரே, 1964 சனவரி 25இல், கீழப்பழூர் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்து உயிர்நீத்தார். ஓராண்டு கழிந்து, குறிக்கப்பட்ட நாள் நெருங்கியபோது மாணவர் போராட்டம் மதுரையில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவியது. துப்பாக்கிச் சூடுகளிலும் தீக்குளிப்புகளிலும் பலர் மாண்டனர். நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். 1965 பிப்பிரவரி 11ஆம் நாள் தலைமையமைச்சர் சாத்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழிகள் முழுமையாகக் காக்கப்படும் என அறிவித்தார்.

அவ்வறிவிப்பு வந்த களன் குறிப்பிடத்தக்கது. அவைத்தலைவரை விளித்துச் சிறைப்புறத்தாருக்குக் கூறும் முறை கைவிடப்பட்டு, வானொலி வழியே நேராக மக்களிடமே பேசப்பட்டது. அவை வழியிலான உறவு முறிந்துவிட்டதை அரசே ஒப்புக்கொண்டமைக்கு இஃது ஒரு சான்று. உறுதிமொழி மீண்டும் ஒரு தனிமனிதரின் குரலிலேயே வந்தது. ஆனால் இம்முறை கேட்டவர்கள் குரலோடு மனநிறைவு கொள்ளவில்லை, எழுத்தைக் கேட்டனர்.

1967 தேர்தலில் தமிழகத்தில் ஆட்சி மாறியது. 1962இல் 7 ஆக இருந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் மக்களவை உறுப்பினர் எண்ணிக்கை 25 ஆயிற்று. அவ்வாண்டு திசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1968 சனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் மூன்றாம் பிரிவைப் புதுக்கியது. வியப்பென்னவெனில், பழைய ‘மே’ முதன்மைத் தொடரில் அப்படியே நிற்கிறது. ‘ஷல்’ அதன் காப்புரையில் நுழைந்தது: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் கொள்ளும் தொடர்புக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்படுதல் வேண்டும். இதனினும் முதன்மையானது ஐந்தாம் உட்பிரிவு. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் அவ்வாறே நிறைவேற்றும் வரை இவ்வேற்பாடு தொடரும் என்று அது கூறுகிறது.

விடுபட்டிருந்த எழுவாய் இங்கே மீண்டது. முடிவு யாரிடம் என்ற வினாவிற்குச் சட்டமே பெயர்சுட்டி விடை தருகிறது. 1959இல் ஒருவர் வாய்மொழியில் கேட்போராக உயர்த்தப்பட்டோர் 1967இல் சட்டத்தின் எழுவாயாயினர். ‘மே’ என்னும் சொல் மாறாமலே அச்சம் பெரிதும் தணிந்தது என்பதால், சிக்கல் சொல்லில் மட்டும் இல்லை, சொல்லுக்குப் பொறுப்பேற்பார் யார் என்பதில் இருந்தது என்பது உறுதியாகிறது. எனினும் இத்திருத்தத்தோடு நிறைவேறிய ஆட்சிமொழித் தீர்மானத்தின் மும்மொழிக் கூறு தமிழகத்தில் ஏற்கப்படவில்லை. 1968 சனவரி 23இல் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. முறிந்த நம்பிக்கை ஒரே சட்டத்தால் முற்றும் ஒட்டவில்லை என்பதையும் மறுத்தற்கில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, நாடாளுமன்றப் பேச்சின் வெற்றியை அவையின் வாக்கெடுப்பால் மட்டும் அளத்தல் ஆகாது. அது சிறைப்புறத்தாரோடு ஏற்படுத்தும் உறவே நெடுங்கால விளைவைத் தருகிறது. இரண்டாவது, அவ்வுறவு அணிநலன்களால் தொடங்கினும் இலக்கணக் கூறுகளாலேயே நிலைபெறுகிறது. எழுவாய், தன்மைப் பன்மை, துணைவினை, விளி ஆகியன அரசியல் பொறுப்பின் இருப்பிடங்கள். மூன்றாவது, நல்லெண்ணத்தோடு அளிக்கப்பெறும் வாய்மொழியும் நிறுவன வடிவம் பெறாவிடின் கேட்போருக்குச் சுமையாகிறது. நேருவின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அந்நல்லெண்ணம் எழுத்தாக ஆவதற்கு 8 ஆண்டுகளும் பல உயிர்களும் தேவைப்பட்டன என்பதே நம் கவலை.

இவ்வணுகுமுறை நம் நாடுகளின் அவைகளுக்கும் பொருந்தும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு, விடுதலைக்குப்பின் 10 ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் ஆங்கிலம் வழங்க இடந்தந்தது. பிறமொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் எவரும் தடுக்கலாகாது என்றும் கூறியது. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 53ஆம் பிரிவு மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கிலும் விவாதம் நடைபெறலாம் என்கிறது. ஒன்று காப்புரையால் மொழியைக் காக்கிறது. மற்றொன்று அவையின் மொழியாகவே ஏற்கிறது. இத்தொடர்களின் எழுவாயையும் வினையையும், அவற்றையொட்டி நிகழ்ந்த விவாதங்களின் கேட்போரையும் மாணவர் ஆராய இடமுண்டு.

தமிழாசிரியர்க்கு இவண் ஒரு கடமை உள்ளது. நம் பள்ளிகளில் சொற்போர், பட்டிமன்றம் ஆகியவற்றில் கைதட்டலே அளவுகோலாக வைக்கப்படுகிறது. சொன்ன சொல்லுக்கு எழுவாய் யார், அதைக் கேட்போர் தம் மொழியில் எவ்வாறு பொருள்கொள்வர், நாளை அச்சொல்லைக் கடனாகக் கேட்க வருவோர்க்கு என்ன விடையுண்டு என்னும் வினாக்களையும் மாணவர்க்குப் பழக்குதல் வேண்டும். நாடாளுமன்றத்துக்குச் செல்வோர் சிலரே. அங்குப் பேசப்படுவதைக் கேட்டு வாழ்வோர் நாம் அனைவரும். கேட்போர் என்னும் உறுப்பைச் செம்மையாகக் கற்பிக்கும் கல்வியே அவர்களுக்கு உதவும்.